யும்னாவின் தடியன் எழுத்துகள்

புதன்கிழமை மதியம் பள்ளிக்கூட மணி அடித்ததும் யும்னா ஓடிய ஓட்டத்தைப் பார்த்தால், பின்னால் நாய் துரத்துகிறது என்றுதான் நினைப்பீர்கள். நாயும் இல்லை, பேயும் இல்லை. அவளுடைய எழுத்துகள் அன்று காலை சுவரில் ஏறியிருந்தன. அதைப் பார்க்கத்தான் அந்த ஓட்டம்.

யும்னாவுக்குப் பதினொரு வயது. பெய்ரூத்துக்கு வடக்கே உள்ள திரிப்போலியில் அவள் வீட்டுப் பால்கனிக்கு நேர் எதிரே, பல வருஷமாக மூடிக் கிடக்கும் நுஜூம் தியேட்டர் இருக்கிறது. அதன் நெற்றியில் அந்தக் காலத்து அரபிப் பெயர்ப்பலகை. ஒவ்வொரு எழுத்தும் அடுப்பிலிருந்து உப்பி வந்த ரொட்டி மாதிரி கொழுகொழுவென்று இருக்கும். தெருக்கோடியில் நின்றாலும் கண்ணில் வந்து மோதும். அந்த எழுத்துகளுக்கு யும்னா வைத்த பெயர் ‘தடியன்கள்’.

பலகையில் இருந்தவை ஏழே எழுத்துகள். மீதியை அவளே யோசித்து, கட்டம் போட்ட நோட்டில், போன கோடை விடுமுறை முழுக்க வரைந்தாள். அளந்தாள், அழித்தாள், மறுபடி வரைந்தாள். இருபத்தெட்டு தடியன்களும் முடிந்தபோது மூன்று ரப்பர் தீர்ந்திருந்தது.

அவளுடைய அண்ணன் ஸிராஜுக்குப் பதினேழு வயது. ஜெராக்ஸ் கடையில் வேலை. அவன்தான் அந்த நோட்டைப் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, விசையைத் தட்டினால் தடியன்கள் வந்து விழும்படி எழுத்துரு ஆக்கினான். அது சின்ன வேலை இல்லை. நான்கு நாள் கண் சிவக்க உட்கார்ந்தான். பின்னால் அவனை நிறையத் திட்டப்போகிறோம் என்பதால் இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தெருவில் முடி வெட்டுபவர் முவஃபக் மாமா. தியேட்டருக்குப் பக்கத்தில் பெரிய கடையாகப் பிடித்து, சலூனை அங்கே மாற்றுகிறார். வியாழக்கிழமை திறப்பு. சனிக்கிழமை ஹஜ்ஜுப் பெருநாள். ஊரே முடி வெட்ட வரும் நேரம். அதற்குப் போஸ்டர் அடிக்கச் சொல்லி ஸிராஜின் கடைக்கு வந்தவர், திங்கட்கிழமை கம்ப்யூட்டரில் தன் பெயரைத் தடியன் எழுத்தில் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார்.

“அடேங்கப்பா! இதையே கடை போர்டுலயும் எழுதச் சொல்லிடறேன்” என்று ஸிராஜுக்குக் குனாஃபா இனிப்பும் வாங்கிக் கொடுத்தார்.

போர்டு என்று ஸிராஜ் வந்து சொன்ன அந்த ஒரு வார்த்தையில் யும்னாவுக்குத் தலைகால் புரியவில்லை. போஸ்டர் காகிதம்தான், மழை வந்தால் போய்விடும். போர்டு அப்படியா? அவள் பெரியவளாகி, பல்கலைக்கழகம் போய்விட்டு வந்தாலும் அங்கேயே இருக்கும். தியேட்டர் பலகை இருக்கிறதே, அப்படி.

பள்ளியிலிருந்து ஓடி வந்தவள் ரொட்டிக் கடைச் சுவரில் முதல் போஸ்டரைப் பார்த்தாள். நின்றுவிட்டாள். ‘முவஃபக்’ என்று நான்கு அரபி எழுத்துகள், அவள் கையைவிட நீளமாக, கறுகறுவென்று, சுவரையே பிடித்துக்கொண்டு நின்றன. கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தாள்.

அப்போதுதான் கீழ் மூலையைப் பார்த்தாள். போர்டோ போஸ்டரோ, எழுத்தை வரைந்தவர் மூலையில் தன் பெயரைப் போடுவது அந்த ஊர் வழக்கம். அங்கே சின்னதாக அச்சடித்திருந்தது: ‘எழுத்து: ஸிராஜ்’.

யும்னாவின் இரண்டு காதும் சூடாகின.

“ஸிராஜா?” என்றாள் சுவரைப் பார்த்து. “மூணு ரப்பர் தேய்ச்சது ஸிராஜா?”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றபோது, பக்கத்து வீட்டு நஸீஹின் அம்மா காய்கறிப் பையோடு வந்தார். போஸ்டரைப் பார்த்தார். பையைப் பொத்தென்று கீழே வைத்தார். இரண்டு கன்னத்திலும் அறைந்துகொண்டார்.

“ஐயோ, இந்த மனுஷன் போயிட்டாரா! ஞாயித்துக்கிழமைகூட நஸீஹுக்கு முடி வெட்டினாரே! தங்கமான மனுஷனாச்சே!”

“யாரு சித்தி போனது?”

“யாரா? முவஃபக்தான்! எழுதி ஒட்டியிருக்காங்களே, உனக்குக் கண்ணு தெரியலையா?”

யும்னா போஸ்டரை மறுபடியும் பார்த்தாள். இந்தத் தடவை எழுத்தைப் பார்க்கவில்லை. எழுத்தைச் சுற்றி இருந்ததைப் பார்த்தாள்.

இரண்டு விரல் தடிமனில் நாலாபக்கமும் கறுப்புக் கட்டம். அந்த ஊர்ச் சுவரில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒருவர் பெயர் பெரிதாக இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெயருக்குக் கீழே, ‘வியாழக்கிழமை மாலை, அஸர் தொழுகைக்குப் பிறகு, நுஜூம் தியேட்டர் பக்கத்தில். அனைவரும் வருக.’ மரண அறிவிப்பிலும் இப்படித்தான் போடுவார்கள். ‘சலூன் திறப்பு’ என்ற இரண்டு வார்த்தைகள் எல்லாவற்றுக்கும் அடியில் எறும்பு அளவில் இருந்தன. துக்கத்தில் இருப்பவர்கள் யார் குனிந்து எறும்பைப் படிக்கப் போகிறார்கள்?

“சித்தி, அவர் சாகல! இது சலூன் போஸ்டர்!” என்று கத்திக்கொண்டே யும்னா மறுபடி ஓடினாள்.

புதுக் கடை வாசலில் மூன்று பெரியவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள். வந்த இடத்தில் இறந்தவரே கதவைத் திறந்ததால் போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார்கள். யாரோ புண்ணியவான் துக்க வீட்டுக்கென்று சர்க்கரை போடாத கசப்புக் காப்பியை ஒரு பெரிய ஃபிளாஸ்க் நிறைய அனுப்பியிருந்தார்.

உள்ளே முவஃபக் மாமா கத்தரிக்கோலை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். அவர் மீசைகூடக் கோபமாக இருந்தது.

“பெய்ரூத்துல இருந்து எங்க அக்கா போன் பண்ணுது. நான் எடுத்தா, ‘என் தம்பி போன் உன்கிட்ட எப்படிடா வந்துச்சு, திருட்டுப்பயலே’ன்னு என்னையே திட்டுது! ரொட்டிக் கடைக்காரன் என்னைப் பார்த்ததும் தட்டைக் கீழ போட்டுட்டான்! நாளைக்குக் கடை திறக்கணும். செத்தவன்கிட்ட எவன் முடி வெட்ட வருவான்?”

எதிரே ஸிராஜ் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“இந்த எருமைமாட்டு எழுத்து உன்னோடதுதானே? சொல்லு!”

ஸிராஜ் தலையைச் சொறிந்தான். “எழுத்து... எழுத்து என்னோடது இல்ல மாமா. தங்கச்சி வரைஞ்சது.”

எல்லோரும் வாசலில் மூச்சு வாங்க நின்ற யும்னாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்கே கோபம் வருகிறது, அவளுக்கு வராதா? திங்கட்கிழமை மாமா பாராட்டியபோது இதே வாய் ‘தங்கச்சி’ என்று ஒரு தடவையாவது சொன்னதா? சொல்லவில்லை.

“திங்கக்கிழமை மாமா உனக்குக் குனாஃபா வாங்கிக் கொடுத்தாரே” என்றாள் யும்னா. “அப்ப எழுத்து யாரோடதுன்னு சொன்னே?”

ஸிராஜ் மறுபடி செருப்பைப் பார்த்தான்.

“பதில் சொல்லு!”

“...என்னோடதுன்னு.”

“பாராட்டு வந்தா உன்னோடது. திட்டு வந்தா என்னோடதா? குனாஃபா தின்ன வாய் இப்ப எங்க போச்சு?”

வாசலில் நின்ற பெரியவர்களில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். துக்கத்துக்கு வந்திருக்கிறோம் என்பது நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

“உங்க சண்டையை உங்க வீட்டுல வச்சுக்கங்க” என்றார் முவஃபக் மாமா. “நாளைக்குப் போர்டு எழுத ஹிலால் வராரு. சாதா எழுத்துல எழுதச் சொல்லிடறேன். இந்தத் தடி எழுத்து என் கடை நெத்தியில ஏறவே கூடாது.”

யும்னா உள்ளே பாய்ந்தாள். “மாமா, எழுத்து என்ன பண்ணுச்சு? கறுப்புக் கட்டம் போட்டது இவன்!”

“எனக்குக் கட்டமும் தெரியாது, வட்டமும் தெரியாது. இந்த எழுத்தைப் பார்த்தா சாவு ஞாபகம்தான் வருது. சாயங்காலத்துக்குள்ள ஒரு போஸ்டர்கூடச் சுவத்துல இருக்கக் கூடாது. போங்க ரெண்டு பேரும்!”

தெருவில் மொத்தம் இருபத்துநான்கு போஸ்டர்கள். அண்ணனும் தங்கையும் ரொட்டிக் கடைச் சுவரிலிருந்து தொடங்கினார்கள். நஸீஹின் அம்மா சொல்லி அனுப்பியதால், எட்டு வயது நஸீஹும் உதவிக்கு வந்தான்.

“எப்படிடா இந்தக் கட்டத்தைப் போட்டே?” என்றாள் யும்னா. வழக்கமாக ‘அண்ணா’ என்பாள். இன்று அண்ணாவும் இல்லை, ஒன்றும் இல்லை.

“கலர் மெஷின் ரிப்பேர். கரண்ட் வேற போகப்போற நேரம்” என்றான் ஸிராஜ். “கடையில தினம் நாலஞ்சு சாவு நோட்டீஸ் அடிக்கிறோம். அந்த நோட்டீஸ் டிசைன் கம்ப்யூட்டர்ல ரெடியா இருந்துச்சு. பேரை மட்டும் எடுத்துட்டு, மாமா பேரைப் போட்டேன்.”

“கட்டத்தை எடுக்கலையா?”

“அழகா இருக்கேன்னு விட்டுட்டேன்.”

“அழகா!” யும்னா போஸ்டரின் ஓரத்தைப் பிடித்து முழுக் கோபத்தோடு இழுத்தாள். சர்ரென்று கீழ்ப்பாதி மட்டும் கையோடு வந்தது. மாவுப் பசை நன்றாகக் காய்ந்திருந்தது. ‘சலூன் திறப்பு’ என்ற எறும்பு வார்த்தைகளும் அதோடு போய்விட்டன. சுவரில் மிஞ்சியது கறுப்புக் கட்டமும் பெயரும்தான்.

“இப்ப நிஜமாவே செத்துட்டார்” என்றான் நஸீஹ்.

யும்னா சுவரை ஓர் உதை விட்டாள். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டைவிரல்தான் வலித்தது. வலியில் வந்ததா கோபத்தில் வந்ததா தெரியாது, கண்ணில் தண்ணீர் முட்டியது. ஒரு கோடை முழுக்க வரைந்த எழுத்து. முதல் முதலாக வெளியே வந்த அன்றைக்கே எருமைமாடு, சாவு என்று பெயர் வாங்கிவிட்டது. இனி யார் அதைத் திரும்பிப் பார்ப்பார்கள்?

அடுத்த போஸ்டரில் தடியன்கள் நான்கும் அவளை வெறித்துப் பார்ப்பது போல் இருந்தது. அரபியில் முவஃபக் என்று எழுத மீம், வாவ், ஃபா, காஃப் என்று நான்கே எழுத்துகள். நான்குக்கும் உடம்பில் வெள்ளையாக ஒரு வட்ட ஓட்டை உண்டு.

“என்னடா பார்க்கிறே?” என்று யும்னா பையிலிருந்த ஸ்கெட்ச் பேனாவை எடுத்து மீமின் ஓட்டைக்குள் ஒரு குத்து குத்தினாள்.

நஸீஹ் விழுந்து விழுந்து சிரித்தான். “முறைக்குது! அது உன்னை முறைக்குது!”

யும்னா ஓர் எட்டு பின்னால் போய்ப் பார்த்தாள். உண்மைதான். வெள்ளை வட்டத்தின் ஓரத்தில் கறுப்புப் புள்ளி விழுந்ததும், அது கண்ணாகிவிட்டது. மீம் ஓரக்கண்ணால் பக்கத்து வாவைப் பார்த்தது. அவள் வாவுக்கும் ஒரு புள்ளி வைத்தாள். வாவ் மேலே பார்த்தது. ஃபா தன் மூக்கைப் பார்த்தது. காஃபின் ஓட்டைக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். அது கண்ணடித்தது.

அந்த வழியே ஒரு பாட்டியம்மா ரொட்டி வாங்க வந்தார். கறுப்புக் கட்டத்தைப் பார்த்ததும், “அல்லாஹ்வே, யாரு...” என்று கன்னத்தில் கை வைத்தார். கை அங்கேயே நின்றது. நான்கு எழுத்தும் நான்கு பக்கம் பார்ப்பதைக் கண்டு, பொக்கை வாய் தெரியச் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே குனிந்து அடியில் இருந்த எறும்பு எழுத்தையும் படித்தார். “ஓ, சலூனா!” என்று சொல்லிவிட்டுப் போனார்.

யும்னா இதை முழுசாகப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“கிழிக்க வேண்டாம்” என்றாள்.

“மாமா கொன்னுடுவார்!” என்றான் ஸிராஜ்.

“கொல்லட்டும். அப்பவாவது உன் நோட்டீஸ் உண்மையாகும். போய்ப் பசை எடுத்துட்டு வா. கடையில சிவப்புத் தாள் இருக்கும்ல? அதையும், வெள்ளைத் தாளையும் எடுத்துட்டு வா. ஓடு!”

ஸிராஜ் ஓடினான். அன்று அவன் எதிர்த்துப் பேசும் நிலையில் இல்லை.

யும்னா தாள்களைப் பட்டை பட்டையாக வெட்டினாள். கறுப்புக் கட்டத்தின் மேல் சாய்வாக ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை என்று ஒட்டினாள். கறுப்பு மறைந்தது. சலூன் வாசலில் சுற்றுமே சிவப்பு வெள்ளைக் கம்பம், கட்டம் அதைப் போல் ஆகிவிட்டது. பாதி கிழிந்த போஸ்டரை மட்டும் என்ன செய்வது என்று யோசித்தாள். கீழே ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, தன் கையாலேயே தடியன் எழுத்தில் பெரிதாக எழுதினாள்: ‘உயிரோடு இருக்கிறார்! கத்தரியோடு காத்திருக்கிறார்!’

நஸீஹ் போய்த் தெருப் பிள்ளைகளைக் கூட்டி வந்தான். ஒருத்தி பட்டை வெட்டினாள், இரண்டு பேர் பசை தடவினார்கள். கண் வைக்கும் வேலையை மட்டும் யும்னா யாருக்கும் கொடுக்கவில்லை. ஸிராஜ் உயரத்தில் இருந்தவற்றுக்கு ஏணி பிடித்தான். யும்னா அவனிடம் ‘பிடி’, ‘தள்ளு’, ‘கோணல்’ என்ற மூன்று வார்த்தைகளைத் தவிர வேறு பேசவில்லை.

ஏழாவது போஸ்டரில் ஸிராஜ் பேனாவை எடுத்தான். மூலையில் இருந்த தன் பெயரை அடிக்கப் போனான்.

“என்ன பண்றே?”

“உன் பேரைப் போடறேன். தப்புதான் யும்னா. நான் அப்படிப் போட்டிருக்கக் கூடாது.”

“ஒண்ணும் வேண்டாம்” என்றாள் யும்னா. “இந்தக் காகிதத்துல உன் பேரே இருக்கட்டும். உயிரோட இருக்கிறவருக்குச் சாவு நோட்டீஸ் அடிச்சது யாருன்னு ஊருக்குத் தெரியணும்ல?”

ஸிராஜ் பேனாவை மூடிக்கொண்டான்.

மாலையில் முவஃபக் மாமா போஸ்டர்கள் போய்விட்டனவா என்று பார்க்கத் தெருவுக்கு வந்தார். ஒன்றுகூடப் போகவில்லை. அவர் முகம் சிவந்தது. “ஏய்!” என்று தொடங்கினார். ஆனால் அதற்கு மேல் கத்த முடியவில்லை. போஸ்டரைச் சுற்றி இருபது பேர் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர், “முவஃபக், நாளைக்கு எனக்கும் என் மூணு பசங்களுக்கும் இடம் வை” என்றார். மாமா யும்னாவை ஒரு முறை முறைத்துவிட்டுப் போய்விட்டார்.

வியாழக்கிழமை அஸர் தொழுகை முடிந்ததும், சலூன் வாசலிலிருந்து தியேட்டர் படிக்கட்டு வரை வரிசை நின்றது. அவர் இறந்துவிட்டார் என்று ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. இறக்கவில்லை என்பதும் தெரிந்திருந்தது. எதற்கும் நேரில் பார்த்துவிடலாம் என்று எல்லோரும் வந்துவிட்டார்கள். வந்ததற்கு முடியும் வெட்டிக்கொண்டார்கள்.

அப்போது போர்டு எழுதும் ஹிலால் ஏணியும் வண்ண டப்பாவுமாக வந்தார். “என்ன எழுத்து, முவஃபக்? சாதா எழுத்துதானே? போன்ல சொன்னியே.”

யும்னா வாசல் ஓரத்தில் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். மாமாவின் வாயையே பார்த்தாள்.

முவஃபக் மாமா ஒருவர் தலையில் பாதி வெட்டிய நிலையில் கத்தரியை நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். “நேத்து ஒண்ணு சொன்னேன். அதை விடு. அந்தத் தடி எழுத்தையே போடு. கண்ணு வச்சுப் போடு, ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு.”

“கண்ணு வேண்டாம்!” என்றாள் யும்னா.

எல்லோரும் திரும்பினார்கள். மாமாவின் மீசை ஏறியது. “ஏன் வேண்டாம்?”

“கண்ணு நேத்து வந்த வம்புக்காக வச்சது. போர்டுல எழுத்து மட்டும் போதும். அதுவே நல்லா இருக்கும். சிவப்புல எழுதுங்க, பின்னால வெள்ளை. சுத்தி எந்தக் கட்டமும் கூடாது.”

மாமா அவளை உற்றுப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, “அவ சொன்ன மாதிரியே எழுது” என்றார்.

ஹிலால் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். “நல்ல கை. யாரு வரைஞ்சது?”

யும்னா ஸிராஜைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நேரமாக ஆக அந்தப் பார்வை சூடேறியது.

“என் தங்கச்சி” என்று முணுமுணுத்தான் ஸிராஜ்.

“இங்க கத்தரிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல” என்றார் முவஃபக் மாமா.

ஸிராஜுக்குக் காது சிவந்தது. ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் நின்றவருக்கும் கேட்கும்படி சொன்னான். “இந்த எழுத்து முழுக்க என் தங்கச்சி யும்னா வரைஞ்சது! இருபத்தெட்டும்! நான் திங்கக்கிழமை பொய் சொன்னேன்! குனாஃபாவையும் தனியா தின்னுட்டேன்!”

வரிசை முழுக்கச் சிரித்தது. யும்னா சிரிக்கவில்லை. ஹிலால் நீட்டிய சுண்ணக்கட்டியை வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறினாள். மீமின் வயிறு எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, போர்டின் பாதி வரை கோடு இழுத்துக் காட்டினாள்.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த ஸிராஜ் மெதுவாகக் கேட்டான். “இன்னும் கோபமா இருக்கியா?”

“ஆமா.”

“எத்தனை நாளைக்கு?”

யும்னா யோசித்தாள். “பெருநாள் வரைக்கும். ஆடாம பிடி, அண்ணா.”

பெருநாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அவன் ஆடாமல் பிடித்தான்.